உடை மரம் எது?

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் பேருந்தில் சன்னலோரமாக இடம் பிடித்து உட்காருங்கள். பழையகாயல், முக்காணி ஆகிய ஊர்களைத் தாண்டித் தாமிரவருணியைக் கடந்தால் ஆத்தூர் வரும். வாழைத் தோட்டங்களும் நெல்வயல்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இந்தப் பசுமை ஆற்றுநீர் பாயும் மட்டுந்தான். அதற்கு அப்பால் உப்பளங்களின் ஓரத்திலும், தரிசு நிலத்திலும், குளங்களின் உட்புறத்திலும் ஒரு முள்மரம் அடர்ந்து நிற்பதைக் காண்பீர்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் அதன் பெயரைக் கேட்டால், "உடை மரம்" என்று சொல்வதற்கே வாய்ப்பு அதிகம். பேச்சு வழக்கில் அது 'உடமரம்' என்றும், அது அடர்ந்த இடம் 'உடங்காடு' என்றும் ஒலிக்கும்.

இனித் திருச்செந்தூரைத் தாண்டிச் செம்மணல் தேரிப் பக்கம் செல்லுங்கள். பனைகளுக்கு நடுவே குடையை விரித்து வைத்தாற்போல உச்சி தட்டையான ஒரு மரம் தனித்து நிற்கும். அதன் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். அங்குள்ள பெரியவர் ஒருவரிடம் அதன் பெயரைக் கேளுங்கள். அவரும் "உடை" என்றே சொல்வார்.

இரண்டு மரங்களும் ஒன்றா? இல்லை. ஒன்றின் தாயகம் நம் நாடும் இலங்கையும். மற்றொன்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஒன்று குறைந்து வருகிறது. மற்றொன்று எவராலும் தடுக்க இயலாதபடி பெருகி வருகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது? அதனால் என்ன கெட்டுவிட்டது? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

பெயர்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல என்பதற்கு ஆத்தூரே சான்று. ஆற்றங்கரையில் இருப்பதால் ஆற்றூர். வாய்க்கு எளிதாக அது ஆத்தூர் ஆயிற்று. இங்கே ஒலிதான் மாறியது, பொருள் மாறவில்லை. அருகிலுள்ள உமரிக்காடு என்ற ஊர், உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடியின் பெயரை இன்னும் சுமந்து நிற்கிறது. 'உடை' என்ற பெயரின் கதை இவற்றுக்கு நேர்மாறானது. ஒலி அப்படியே இருக்க, அது குறித்த பொருள் இடம் பெயர்ந்துவிட்டது.

முதலில் பெயரின் பழைய உரிமையாளரைப் பார்ப்போம். ஆடை, உடைதல், உடைமை என்று பல பொருள் தரும் 'உடை' என்ற சொல்லுக்கு ஒரு மரத்தின் பெயர் என்ற பொருளும் உண்டு. தமிழ் அகராதிகள் அதைக் 'குடைவேல்' என்று விளக்குகின்றன. புறநானூற்றின் 324-ஆம் பாடலில் இம்மரம் வருகிறது. ஆலத்தூர் கிழார் பாடியது. அதில் வேட்டுவச் சிறுவர்கள் உடை மரத்தின் முள்ளை ஊகம்புல்லின் மெல்லிய தண்டில் செருகி அம்பு செய்கிறார்கள். வளாரை வளைத்து வில்லாக்கிக்கொண்டு, பருத்தி வேலியில் ஓடும் எலிக்குக் குறி பார்க்கிறார்கள். நம் சிறுவர்கள் கவண் செய்வதைப் போன்ற ஒரு விளையாட்டுத்தான்!

தாவரவியல் கண்கொண்டு பார்த்தால் இந்தப் பாடல் வியப்பளிக்கிறது. புலவர் உடையை 'முள்மரம்' என்று பொதுப்படச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இலை சிறியது என்கிறார். முள் வெண்மையானது என்கிறார். அடியில் துளை உடையது என்கிறார். தேரிக்காட்டில் நிற்கும் குடை மரத்தை நெருங்கிப் பாருங்கள். இலைக் கணுக்களில் முட்கள் இரண்டிரண்டாக இருக்கும். சில குட்டையாகக் கொக்கிபோல் வளைந்திருக்கும். சில ஊசிபோல் நீண்டு, நேராக, தந்தம்போல் வெளுத்திருக்கும். அந்த நீண்ட வெள்ளை முள்தான் சிறுவர்களின் அம்பு முனை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு மரத்துக்கு இருந்த பெயர், அதே மரத்துக்கு, எழுத்துக்கூட மாறாமல் பேச்சில் வந்து சேர்ந்திருக்கிறது. உலகில் எத்தனை மரங்களுக்கு இந்தப் பேறு வாய்த்திருக்கும்?

உடைக்கு நெருங்கிய உறவினர்கள் கருவேலும் வெள்வேலும். 'வேல்' என்பது இந்த முள்மரக் கூட்டத்துக்குப் பொதுப்பெயர். முள் கூர்மையாக இருப்பதால் முருகனின் வேலையும் இந்த வேலையும் ஒரே சொல்லாகக் கருதுவோர் உண்டு. எழுத்து ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது; 'ஆறு' என்ற சொல் எண்ணையும் குறிக்கிறது, நதியையும் குறிக்கிறது அல்லவா? ஆனால் கரு, வெள், குடை என்ற முன்னொட்டுகள் பற்றி எந்த ஐயமும் இல்லை. பட்டை கறுத்திருப்பது கருவேல், பட்டை வெளுத்திருப்பது வெள்வேல், குடைபோல் கவிந்திருப்பது குடைவேல். பூவைப் பார்த்து நம் முன்னோர் பெயர் வைக்கவில்லை. பூ சில காலம்தான் இருக்கும். ஆண்டு முழுவதும், தூரத்திலிருந்தும் அடையாளம் காட்டும் பட்டையையும் வடிவத்தையும் பார்த்தே பெயர் வைத்தார்கள். காட்டில் புழங்குவோர் வைத்த பெயர் என்பது அதிலேயே தெரிகிறது.

மேனாட்டுத் தாவரவியலார் வைத்த பெயர்களை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்களை ஆராய்ந்த ராக்ஸ்பரோ வெள்வேலுக்கு 'லூக்கோஃபுளோயா' என்ற சிறப்புப் பெயரை இட்டார். கிரேக்க மொழியில் அதற்கு 'வெண்பட்டை' என்று பொருள். தமிழும் கிரேக்கமும் ஒரே மரத்தின் முன் நின்று ஒரே சொல்லைச் சொல்லியிருக்கின்றன! இந்த வெண்பட்டையைத்தான் சாராயம் காய்ச்சும் ஊறலில் போடுவார்கள் என்பதைப் போகிற போக்கில் சொல்லி வைக்கலாம். குடைவேலுக்கு 'பிளானிஃபிரான்ஸ்' என்று 1834-இல் பெயரிட்டவர்கள் ராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும். 'தட்டையான தழையுடையது' என்பது அதன் பொருள். இங்கும் குடைதான் கண்ணில் பட்டிருக்கிறது. கருவேலில் மட்டும் வழி பிரிகிறது. லின்னேயஸ் 1753-இல் அதற்கு 'நைலோட்டிக்கா' என்று பெயர் வைத்தார். நைல் நதிக்குரியது என்று பொருள். அவர் ஊரை நினைத்தார், நாம் பட்டையை நினைத்தோம்.

ஆப்பிரிக்கப் புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கி மேயும் படங்களில் பின்னணியில் தெரியும் தட்டைத்தலை மரம் நம் உடையின் சகோதர இனம். ஆங்கிலத்தில் இரண்டையுமே 'குடைமுள்' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள்.

இனி அயலானின் கதைக்கு வருவோம். மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரிபியன் தீவுகள், தென்னமெரிக்காவின் வடபகுதி ஆகியவற்றின் வறண்ட நிலங்களே அதன் தாயகம். பூக்கள் உருண்டையாக இல்லாமல் வால்போல் நீண்ட கதிராக இருப்பதால் அதற்கு 'ஜூலிஃபுளோரா' என்று பெயர். சென்னை மாகாணத்தில் வனப் பாதுகாவலராக இருந்த பெட்டோம் என்ற படை அதிகாரி, வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சத்துக்கு இம்மரம் ஏற்றது என்று கருதினார். விதை வரவழைக்குமாறு 1876-இல் அரசுக்கு எழுதினார். அடுத்த ஆண்டே, கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் விதைகள் ஊன்றப்பட்டன. பெட்டோம் சாதாரண ஆள் அல்லர். தென்னிந்தியாவின் பாம்புகள், பெரணிகள் பற்றி அவர் எழுதிய நூல்களை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். தீங்கு செய்யும் எண்ணத்தோடு யாரும் இந்த மரத்தைக் கொண்டுவரவில்லை. 1940-இல் ஜோத்பூர் சமஸ்தானம் இதை 'அரசத் தாவரம்' என்று அறிவித்துப் பாதுகாப்புக் கொடுத்தது என்றால், அக்காலத்தில் இதற்கு இருந்த மதிப்பை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்த மரத்துக்கு மக்கள் என்ன பெயர் வைப்பார்கள்? தமக்குத் தெரிந்த மரத்தின் பெயரோடு 'வெளியிலிருந்து வந்தது' என்ற அடைமொழி ஒன்றைச் சேர்ப்பார்கள். இந்தியா முழுவதும் நடந்தது அதுவேதான். இந்தியில் அது 'விலாயதி பபூல்', அதாவது சீமைக் கருவேல். ஆந்திரத்தில் 'சர்க்கார் தும்ம'; அரசாங்கம் கொண்டுவந்த வேலமரம். கன்னடத்தில் 'பள்ளாரி ஜாலி'. பெல்லாரிப் பக்கத்திலிருந்து வந்த வேலமரம். குஜராத்தில் 'காண்டோ பாவள்', பைத்தியக்கார வேலமரம்! கட்டுக்கடங்காமல் பரவுவதைக் கண்டு வைத்த பெயர் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் மட்டும் 'வேலிகாத்தான்' என்று, ஓர் ஆளுக்குப் பெயர் வைப்பது போல வைத்தார்கள். மற்ற இடங்களில் சீமைக் கருவேல், சீமைக் கருவை. நெல்லைப் பக்கம் சீமை உடை.

'சீமை' என்ற இந்த அடைமொழியின் பிறப்பும் சுவையானது. வடமொழியில் 'சீமா' என்றால் எல்லை. தமிழில் அது எல்லைக்குட்பட்ட நாட்டைக் குறித்தது. நெல்லைச் சீமை, எட்டையபுரம் சீமை, சேதுச் சீமை என்றெல்லாம் நம் ஊரைத்தான் சீமை என்றோம். வெள்ளைக்காரர் வந்த பின் அவர்களுடைய நாடு 'சீமை' ஆயிற்று. பிறகு கப்பலில் வந்ததெல்லாம் 'சீமைப் பொருள்' ஆயிற்று. மண்ணெண்ணெய் சீமை எண்ணெய்; எழுதுகட்டி சீமைச் சுண்ணாம்பு. மேலே கண்ட 'விலாயதி' என்ற சொல்லின் வரலாறும் அச்சு அசலாக இதே வரலாறுதான். அரபு மொழியில் 'விலாயத்' என்றால் ஆட்சிக்குட்பட்ட மாகாணம். இந்தியாவில் அது இங்கிலாந்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது. வெவ்வேறு மொழிச் சொற்கள் இரண்டு, ஒரே வழியில் நடந்து, கடைசியில் ஒரே மரத்தின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டன!

இதுவரை குழப்பம் ஏதுமில்லை. 'சீமை உடை' என்று சொல்லும்வரை நம்முடைய உடை வேறு, அது வேறு என்பது தெளிவு. ஆனால் எங்கும் நிறைந்துவிட்ட ஒன்றுக்கு அடைமொழி எதற்கு? பேச்சில் 'சீமை' உதிர்ந்தது. ஒருவர் நாள்தோறும் நூறு முறை பார்ப்பது அயல் மரத்தை; என்றோ ஒரு முறை பார்ப்பது உள்ளூர் மரத்தை. அப்படியானால் 'உடை' என்றதும் மனத்தில் எது தோன்றும்? பெயரின் உரிமை பெரும்பான்மைக்குப் போய்விட்டது. இப்போது உண்மையான உடையைக் காட்டவேண்டுமானால் 'நாட்டு உடை', 'குடை உடை' என்று அதற்குத்தான் அடைமொழி கொடுக்க வேண்டியிருக்கிறது. கோழிக்கும் தக்காளிக்கும் நேர்ந்த கதிதான். நாட்டுக்கோழி என்று சொன்னால்தானே இப்போது நம் கோழி வருகிறது?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று என்பதற்குக் காரணம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தென்மாவட்டங்களில் சீமைக் கருவேல மரங்களை அகற்றுமாறு ஆணையிட்டது. ஊர் ஊராக மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. சில மாதங்களுக்குள், இதை அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று சொல்லி உயர் நீதிமன்றமே அப்பணியை இடைக்காலமாக நிறுத்தியது. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆகவே அகற்றும் வேலை இனியும் தொடரும். ஆணை எழுதுபவர் தாவரவியல் பெயரை எழுதுவார். ஆனால் அது வட்டம், ஊராட்சி, குத்தகைதாரர், இயந்திரம் ஓட்டுபவர் என்று கைமாறி இறங்கும்போது "உடை மரத்தையெல்லாம் எடுத்துவிடு" என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிடும். கருவேலுக்கும் இதே ஆபத்துத்தான். 'சீமை' என்ற சொல் விட்டுப்போனால் மீதி நிற்பது கருவேல்தானே! இயந்திரத்துக்கு எல்லாம் முள்மரம். அயல் மரமோ வெட்டிய அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாக மீண்டும் துளிர்க்கும். வேர்க்கட்டையோடு தோண்டி எடுத்தால்தான் போகும். நாட்டு உடை அப்படி மீண்டுவிடாது. ஒரே நாளில் இரண்டையும் வெட்டினால் அடுத்த மழைக்குப் பின் எது அங்கே நிற்கும்?

அயல் மரம் ஏன் இப்படி வெல்கிறது? இதில் ஆட்டின் பங்கு கவனிக்கத்தக்கது. பழுத்த காய்கள் இனிப்பானவை. ஆடுமாடுகள் விரும்பித் தின்னும். கடினமான விதைகள் வயிற்றில் செரிக்காமல், தோல் மட்டும் சற்று இளகி, எருவோடு வெளிவந்து முளைக்கும். உடையின் காயையும் கருவேலின் காயையும்கூட ஆடு தின்கிறது. அவற்றின் விதைகளும் இப்படியே பரவுகின்றன. ஆகவே விதைப்பதில் ஆடு பாரபட்சம் காட்டவில்லை. முளைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் வேறுபாடு. உடை, கருவேல் கன்றுகளின் தழையை ஆடு மேய்ந்துவிடும். சீமை மரத்தின் தழை அதற்குப் பிடிப்பதில்லை. மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். இரண்டையும் விதைத்துவிட்டு ஒன்றை மட்டும் களையெடுக்கும் உழவனைப்போல ஆடு நடந்துகொள்கிறது! பல ஆண்டுகள் இப்படி நடந்தால் மேய்ச்சல் நிலம் யார் கைக்குப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இம்மரத்தைப் பற்றிய கட்டுக்கதைகளும் குறைவில்லை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுத்துவிடும் என்பது அவற்றில் ஒன்று. மரங்கள் நீரை வேர்வழியாக எடுத்து இலைவழியாகக் காற்றுக்குக் கொடுக்கின்றனவே தவிர, காற்றை வறளச் செய்வதில்லை. ஆழமாக வேரோடி நிலத்தடி நீரை எடுப்பதும், தன் கீழ் வேறு செடிகளை வளரவிடாததும் மெய். குற்றப்பட்டியலுக்கு அவை போதும். பொய் வழக்கு வேண்டியதில்லை. அன்றியும், தென்மாவட்டங்களில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் பல குடும்பங்களுக்கு இம்மரமே வாழ்வாதாரம் என்பதையும் மறுக்க முடியாது. பெட்டோம் எதிர்பார்த்த விறகு கிடைக்கத்தான் செய்தது.

"பெயர்க் குழப்பத்துக்குத்தான் விஞ்ஞானப் பெயர் இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். அங்கும் அமைதி இல்லை. பல நூற்றாண்டுகளாக வேலமரங்கள் அனைத்தும் 'அக்கேசியா' என்ற பேரினத்தில் இருந்தன. கூர்முனையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த, பொருத்தமான பெயர். ஆராய்ந்தபோது அந்தப் பேரினம் ஒரே குடும்பக் கிளை அன்று என்று தெரிந்தது, பிரிக்க நேர்ந்தது. பிரிக்கும்போது பழைய பெயர் யாருக்கு என்பதில் பெரும் வழக்கு! 2005-இல் வியன்னாவிலும் 2011-இல் மெல்போர்னிலும் கூடிய உலகத் தாவரவியல் மாநாடுகள், 'அக்கேசியா' என்ற பெயரை ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட ஆஸ்திரேலியக் கூட்டத்துக்கே கொடுத்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது என்பதுதான் வேடிக்கை. உடையும் கருவேலும் வெள்வேலும் இப்போது 'வாக்கெல்லியா'. மக்காவில் பாதிரியாராக இருந்து தாவரங்கள் சேகரித்த வாக்கெல் என்பவரின் பெயர் அது. உடைக்குப் பெயரிட்ட அதே 1834-ஆம் ஆண்டு நூலில், வைட்டும் ஆர்னாட்டும் உருவாக்கி, பின்னர் வழக்கொழிந்து கிடந்த பேரினப் பெயர். அங்கேயும் பெரும்பான்மைக்கே பெயர் போயிற்று என்பதைக் கவனித்தீர்களா?

சீமை மரத்தின் வழக்கில் மட்டும் தீர்ப்பு நம் பக்கம் ஆயிற்று. அது இதுவரை 'புரோசோபிஸ்' என்ற பேரினத்தில் இருந்தது. ஆனால் லின்னேயஸ் 1767-இல் அந்தப் பேரினத்தை ஏற்படுத்தியபோது முன்மாதிரியாகக் கொண்டது நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியை. 2022-இல் வெளிவந்த ஆய்வு அந்தப் பேரினத்தைப் பிரித்தபோது, 'புரோசோபிஸ்' என்ற பெயர் வன்னியோடு நின்றுவிட்டது. அமெரிக்க மரம் 'நெல்ட்டூமா' ஆகிவிட்டது. விஞ்ஞானப் பெயர் மாறாதது அன்று. ஆனால் மாறும்போது, யார் எப்போது எதற்கு மாற்றினார் என்பது பதிவேட்டில் இருக்கும். பழைய பெயரைத் தேடினாலும் புதிய பெயருக்கு வந்து சேரலாம். பேச்சு வழக்குக்கு அப்படி ஒரு பதிவேடு இல்லை.

ஆகவே கண்ணால் கண்டு தெளிவதே வழி. பூக்கும் காலமானால் எளிது. மஞ்சள் நிறத்தில் உருண்டைப் பந்துகளாகப் பூத்தால் கருவேல். வெண்மையான உருண்டைகளானால் உடை. கிளை நுனிகளில் வெளிர்மஞ்சள் உருண்டைகள் கொத்துக் கொத்தாக நின்றால் வெள்வேல். உருண்டையாக இல்லாமல் விரல் நீளக் கதிராகத் தொங்கினால் சீமை மரம். வன்னிக்கும் பூ கதிராகத்தான் வரும். ஆனால் அதன் முட்கள் கணுவில் இரட்டையாக இரா, கிளையெங்கும் ஒற்றை ஒற்றையாகச் சிதறியிருக்கும். காயைப் பார்த்தாலும் போதும். மணிகளைக் கோத்ததுபோல் விதைக்கு விதை இடுங்கிச் சாம்பல் பூத்திருப்பது கருவேல். சுருண்டு வளைந்திருப்பது உடை. ஏறக்குறைய நேராக, சதைப்பற்றோடு, பழுத்தால் மஞ்சளாவது சீமை.

பூவும் காயும் இல்லாத இளங்கன்றுதான் சிக்கல். அகற்றும் வேலையில் முதலில் அடிபடுவதும் அதுதான். அப்போது சிற்றிலைகளைப் பாருங்கள். சீமைக் கன்றில் சிற்றிலை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இலைக்காம்பில் ஓரிரு இணைக் கிளைகளே பிரியும். உடையின் சிற்றிலையோ எள் அளவைத் தாண்டாது. ஆலத்தூர் கிழார் அதைச் 'சிறியிலை' என்று சொல்லியிருக்கிறார். கணுவில் இரண்டு நீண்ட வெள்ளை முட்களும் இருந்துவிட்டால் ஐயமே வேண்டாம். அந்தக் கன்றை விட்டுவிடச் சொல்லுங்கள்.